என் சுருதி எது என்று யாரும் கேட்கவில்லை

என் தம்பிக்கு 13 வயது. படிவம் 1-இல் படிக்கிறான். கடந்த மாதம் பல்கலைக்கழக விடுமுறைக்குக் கிள்ளானில் உள்ள வீட்டுக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை பாட்டு வகுப்புக்கு இனிமேல் போக மாட்டேன் என்று அவன் அம்மாவிடம் அடம் பிடித்துக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்குக் குரல் போச்சுமா" என்றான். அம்மா அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அதே நாற்காலியில் உட்கார்ந்து நானும் ஏறக்குறைய அதையேதான் சொன்னேன். "சரி, படிப்பைப் பாரு" என்று விட்டுவிட்டார்கள். அதன்பிறகு ஐந்து ஆண்டுகள் நான் பாடவே இல்லை.

இதைப் படிக்கும் மாணவர்களில் சிலர் இப்போது பாட்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். சிலர் எஸ்பிஎம் முடிந்த பிறகு சேரலாம் என்று நினைத்திருப்பீர்கள். என்னைப் போல் நடுவில் நின்றுபோனவர்களும் இருப்பீர்கள். இரண்டு ஆசிரியர்களிடம், இரண்டு வயதுகளில் பாட்டுப் படித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் பாட்டில் சேர்ந்த கதையில் புதுமை ஒன்றும் இல்லை. மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் போட்டியில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் சார்பில் பாடினேன். பரிசு கிடைத்தது. நம் வீடுகளில் ஒரு பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்க அது போதும். ஒன்பது வயதில், விஜயதசமி அன்று, தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் தட்சிணையும் வைத்து டீச்சரின் காலில் விழுந்து தொடங்கினேன். தனி வகுப்பு என்றுதான் பேச்சு. போய்ப் பார்த்தால் பாயில் ஏற்கெனவே ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேரும் பெண் பிள்ளைகள். நான் ஒருவன்தான் பையன்.

முதல் நான்கு ஆண்டுகள் நன்றாகவே போயின. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று எல்லாரும் படிக்கும் அதே வரிசையில்தான் நாங்களும் படித்தோம். புரந்தரதாசர் வகுத்த வழி இது என்று டீச்சர் சொல்வார். இந்தப் பயிற்சிகளை எல்லாம் ஏன் மாயாமாளவகௌளை என்ற ஒரே இராகத்தில் பாட வேண்டும் என்று மட்டும் அன்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பிற்பாடு தெரிந்துகொண்டேன்: அந்த இராகத்தின் கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே அளவில் அமைந்தவை. ச-வுக்கும் ரி-க்கும் உள்ள தூரம்தான் ப-வுக்கும் த-வுக்கும். ரி-யிலிருந்து க-வுக்குத் தாவும் அதே தாவல்தான் த-விலிருந்து நி-க்கும். கீழே நான்கு சுரத்தைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டால், மேலே உள்ள நான்கையும் காது தானாகத் தேடிப் பிடிக்கும். இந்த ஒரு செய்தியை ஒன்பது வயதில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், சரளி வரிசையை அவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

படிவம் 1 முடியும் நேரத்தில் சிக்கல் தொடங்கியது. மேல் சட்சம் வரவில்லை. எட்டிப் பிடித்தால் குரல் இரண்டாகப் பிளந்தது. பெண் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, எனக்கே கேட்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. "வீட்டில் பயிற்சி செய்வதே இல்லை போலிருக்கு" என்றார் டீச்சர். நான் வீட்டுக்கு வந்து இன்னும் பலமாகக் கத்திப் பயிற்சி செய்தேன். தொண்டை வலித்தது. அடுத்த வாரம் இன்னும் மோசம்.

பருவ வயதில் பையன்களின் குரல்வளை வேகமாக வளர்கிறது. உள்ளே இருக்கும் குரல் மடிப்புகள் நீண்டு தடிக்கின்றன. வீணையில் தடித்த தந்தி தாழ்ந்து ஒலிப்பதுபோல, குரலும் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி அளவுக்குக் கீழே இறங்குகிறது. சிலருக்குச் சில மாதங்களில் நிலைப்படும், சிலருக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும். பெண்களுக்கும் குரல் மாறும். ஆனால் இறக்கம் சிறியது என்பதால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. இடைநிலைப்பள்ளி அறிவியல் பாடத்தில் பருவ மாற்றங்களின் பட்டியலில் 'சுவாரா காராவ்' என்று ஒரு வரி வரும். அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். அது சனிக்கிழமை மாலை என் தொண்டையில் நடந்துகொண்டிருந்ததைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மலாயில் படித்ததைத் தமிழில் பாடும்போது நினைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை.

எங்கள் வகுப்பில் சுருதிப் பெட்டி எப்போதும் ஐந்தரைக் கட்டையில் இருக்கும். ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை 1, 2, 3 என்று எண்ணுவார்கள். கறுப்புக் கட்டை வந்தால் அரை. ஐந்தரை என்பது பெண் குரலுக்கு வாகான இடம், டீச்சருக்கும் அதுதான். குரல் உடைந்த பையனுக்கு அது இரண்டுங்கெட்டான் இடம். அந்தச் சட்சத்தில் தொடங்கினால் மேல் சட்சம் எட்டாது. ஒரு ஸ்தாயி கீழே இறங்கித் தொடங்கினால் வெறும் காற்றுதான் வரும். ஆண்களில் பலருக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு என்ற அளவில்தான் சுருதி பொருந்தும். ஓராண்டு முழுக்க எனக்குப் பொருந்தாத செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடி, எனக்குக் கால் இல்லை என்று முடிவுசெய்துவிட்டேன். படிவம் 2-இன் பாதியில் நின்றுவிட்டேன்.

டீச்சரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரிடம் எட்டுப் பிள்ளைகள். எட்டுப் பேரின் பெற்றோரும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் புதுப் பாட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே நேரத்தில் எட்டுப் பேர் பாட வேண்டும் என்றால் ஒரே சுருதியில்தான் பாட முடியும். குழுவாகப் படிப்பதிலும் நன்மை உண்டு. தாளம் தவறினால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளலாம், கூச்சமும் குறையும். நான் சொல்ல வருவது இதுதான்: குழு வகுப்பைக் குழு வகுப்பு என்றே சொல்லுங்கள். தனி வகுப்பு என்று பணம் கட்டினால், அந்தத் 'தனி' எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அது உங்கள் சுருதியில்தான் இருக்கிறது.

இரண்டாவது ஆசிரியரிடம் போனது தற்செயல். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு, எங்கள் இந்திய மாணவர் கழகத்தின் கலை இரவுக்குப் பாட ஆள் போதவில்லை. நண்பன் ஒருவன் என் பெயரைக் கொடுத்துவிட்டான். ஒரு சினிமாப் பாட்டை எப்படியாவது பாடிவிட வேண்டும் என்றுதான் காஜாங்கில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தேடிப் போனேன். மாதம் நான்கு வகுப்பு, 120 ரிங்கிட். என் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை.

முதல் நாள் நான் பாட்டை எடுக்கப் போனேன். சார் கையைக் காட்டி நிறுத்தினார். "பாட வேணாம். பேசு. எந்த ஊரு, என்ன படிக்கிற, காலையில என்ன சாப்பிட்ட, சொல்லு." பேசினேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு கட்டையை அழுத்தி, "இதுல 'அ'ன்னு சொல்லு" என்றார். ஒரு கட்டை மேலே, அரைக் கட்டை கீழே என்று கால் மணி நேரம் போனது. "ஒன்றரை" என்றார் கடைசியில். எனக்குச் சின்ன வயதில் குரல் போய்விட்டது என்று சொன்னேன். "குரல் எங்கயும் போகல தம்பி. கீழ இறங்கியிருக்கு. நீதான் தேடிப் போகல."

அன்று ஒன்றரைக் கட்டையில் ச-ப-ச பாடினேன். மேல் சட்சம் வந்தது. பெரிய குரல் என்று சொல்ல முடியாது, ஆனால் பிளக்கவில்லை. மோட்டாரில் விடுதிக்குத் திரும்பும்போது தலைக்கவசத்துக்குள் அதையே பாடிக்கொண்டு வந்தேன்.

இனி, பாட்டு வகுப்பில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் பாட்டு இருக்காது. கலை இரவுப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கச் சார் மறுத்துவிட்டார். "அதை நீயே கேட்டுப் பாடிக்க. அதுக்கு நான் எதுக்கு?" பாடினேன், சுமாராகத்தான் வந்தது. வகுப்பில் எனக்குக் கிடைத்தது மீண்டும் சரளி வரிசை, அதுவும் அகாரத்தில். சுரங்களின் பெயரைச் சொல்லாமல் 'ஆ' என்று மட்டும் பாட வேண்டும். 'ச ரி க ம' என்று சொல்லிப் பாடும்போது எழுத்துகள் பிழையை மறைத்துவிடும். 'ஆ'வில் ஒளிய இடமில்லை. 19 வயதில், எஸ்பிஎம், மெட்ரிகுலேஷன் எல்லாம் தாண்டி வந்தவன், ஒன்பது வயதுப் பையனின் பாடத்தைப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டாவதாக, அடிக்கடி நிறுத்தப்படுவீர்கள். ஒரு வகுப்பில் ரிஷபம் தாழ்ந்து போகிறது என்று சார் என்னை எத்தனை முறை நிறுத்தினார் என்று எண்ணினேன். பதினேழில் எண்ணுவதை விட்டுவிட்டேன். பிரத்தியேக வகுப்புகளில் நாம் பழகியது வேறு மாதிரி. அங்கே விடை தவறினால் ஆசிரியர் சரியான விடையைச் சொல்லிவிடுவார், எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். பாட்டில் சரியான விடையைச் சொல்லிக்கொடுக்க முடியாது. அவர் பாடிக் காட்டுவார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று உங்கள் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை, முதல் இரண்டு மாதம் எனக்கு வேறுபாடே கேட்கவில்லை. சார் வீணாகக் குறை சொல்கிறார் என்றுகூட நினைத்தேன். ஒருநாள் என் பாட்டைத் திறன்பேசியில் பதிவுசெய்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து கேட்டேன். ரிஷபம் தாழ்ந்திருந்தது. அன்றிலிருந்து எல்லாருடைய ரிஷபமும் கேட்கிறது, கல்யாண மண்டபத்தில் பாடுகிறவர்களுடையது உட்பட. அது கொஞ்சம் தொல்லைதான்.

இங்கேதான் யூடியூப்பில் படித்தால் போதாதா என்ற கேள்விக்கு என் பதிலும் இருக்கிறது. நல்ல வித்துவான்களின் பாட்டை எல்லாம் இன்று கையில் வைத்துக் கேட்கலாம். சுருதிப் பெட்டிகூடச் செயலியாக வந்துவிட்டது. ஆனால் நீங்கள் காணொளியைக் கேட்கலாம், காணொளி உங்களைக் கேட்காது. மாதம் 120 ரிங்கிட் கொடுத்து நான் வாங்குவது சாரின் குரலை இல்லை, அவருடைய காதை. என் காது தயாராகும்வரை அதை இரவல் வாங்கியிருக்கிறேன்.

மூன்றாவது, வகுப்பில் கற்றுக்கொள்வது குறைவு. முக்கால் மணி நேரத்தில் என்ன தவறு என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். மீதி ஆறு நாளில்தான் அது திருந்தும். தினமும் 20 நிமிடம் பாடிய வாரத்துக்கும், வகுப்புக்கு முந்தைய இரவு இரண்டு மணி நேரம் பாடிய வாரத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சார் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். விடுதியில் பாட இடம் தேடுவது தனிக் கதை. துணி துவைக்கும் இயந்திரங்கள் இருக்கும் அறைதான் எனக்கு வாய்த்தது. அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன். என் மலாய் அறைத்தோழன் ஒருநாள் வாளியோடு வந்து நின்று, "ஹாரி-ஹாரி லாகு சாமா கா?" என்றான். ஆமாம், தினமும் இதே பாட்டுதான், இன்னும் நான்கு மாதத்துக்கு என்றேன். இப்போது அவனே துணியை மடித்துக்கொண்டு ஆதி தாளம் போடுகிறான். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டி வீசி, தட்டி வீசி. எட்டு எண்ணிக்கையில் என்னைவிடச் சரியாக வந்து சேர்கிறான்.

தொண்டை வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடினால் களைப்பு வரலாம், வலி வரக்கூடாது. வலித்தால் சுருதி தவறு, அல்லது கழுத்தை இறுக்குகிறீர்கள், அல்லது உடம்பு சரியில்லை. எதுவானாலும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வெந்நீர் குடித்தால் குரல் திறக்கும் என்பார்கள். தண்ணீர் குடிப்பது நல்லதுதான், ஆனால் நாம் விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது. குரல் மடிப்புகள் இருப்பது காற்றுக்குழாயின் வாசலில். இஞ்சித் தேநீர் அவற்றைத் தொடுவதே இல்லை. கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கைவைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குரல் உடையும் வயதில் இருக்கும் தம்பிகள் பாடுவதை நிறுத்த வேண்டியதில்லை. சுருதியைக் குறைத்து, எட்டாத சுரங்களை விட்டு, எட்டுகிற ஐந்தாறு சுரங்களுக்குள் மெதுவாகப் பாடலாம். மாதத்துக்கு ஒருமுறை சுருதியைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இதை எல்லாம் ஆசிரியரிடம் கேட்பது மரியாதைக் குறைவா? 13 வயதில் அப்படித்தான் நினைத்தேன். காலில் விழுந்து தொடங்கிய இடத்தில் கேள்வி கேட்பது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன். இடைநிலைப்பள்ளியில் கணித ஆசிரியரிடம் புரியவில்லை என்று கையைத் தூக்கிய அதே நான், பாட்டு வகுப்பில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆசிரியரை மதிக்கிறவன்தான் கேட்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். கேட்காமல் நின்றுபோன மாணவனால் அவருக்கு என்ன லாபம்? சேரும்போதே கேளுங்கள்: ஒரு நேரத்தில் எத்தனை பேர்? என் சுருதி என்ன? இந்தப் பயிற்சி எதற்கு? நல்ல ஆசிரியர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், முதல் மாதக் கட்டணத்தோடு விஷயம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது மாதத்தில் ஒருநாள், சின்ன வயதில் என்ன பாடினாய் என்று சார் கேட்டார். போட்டியில் பாடிய தேவாரத்தைச் சொன்னேன். நட்டபாடைப் பண்ணில் அமைந்த பதிகம் அது. எனக்கு அது வெறும் 'தேவார மெட்டு'. அந்தப் பண்ணை இன்று கம்பீரநாட்டை இராகத்தில் பாடுகிறார்கள் என்று சொல்லி, அந்த இராகத்தின் சுரங்களைப் பாடிக் காட்டினார். ஐந்தே சுரம்தான், ரி-யும் த-வும் கிடையாது. ஒன்பது வயதில் அர்த்தமும் தெரியாமல் அமைப்பும் தெரியாமல் உச்சக் குரலில் பாடிப் பரிசு வாங்கியதை, ஒன்றரைக் கட்டையில் மெதுவாகப் பாடினேன். முடித்ததும் சார் ஒன்றும் சொல்லவில்லை. "காந்தாரம் இன்னும் கொஞ்சம்" என்று மட்டும் சொன்னார்.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அவனைச் சனிக்கிழமை நானே வகுப்புக்கு அழைத்துப் போனேன். அதே டீச்சர், அதே பாய். இப்போது ஆறு பிள்ளைகள். வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருந்து, பிறகு உள்ளே போய்க் கும்பிட்டேன். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். நான் எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தும், உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோய், "டீச்சர், தம்பிக்குக் குரல் உடையுது. அவனுக்கு மட்டும் கொஞ்சம் சுருதி இறக்கிப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எல்லாரோடும் சேர்ந்து பாடும்போது அது முடியாதே என்றார். முடியாதுதான் என்றேன். பிறகு, "உனக்கும் அப்ப அதுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து மற்றப் பிள்ளைகள் போன பிறகு தம்பி மட்டும் கால் மணி நேரம் இருந்து பாடிவிட்டு வருகிறான். இப்போதைக்கு மூன்று கட்டையாம். அடுத்த மாதம் மறுபடி பார்க்கலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாராம். நேற்று இரவு புலனத்தில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். சரளி வரிசை, முதல் காலம். நடுவில் ஓரிடத்தில் குரல் பிளக்கிறது, அவனே சிரித்துவிட்டுத் தொடர்கிறான். ரிஷபம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. அதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.